இரவல் போன ஊர்

ஓடையேந்தல்
21.01.2025

அனுப்புநர்: சு. மாரீஸ்வரி, பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர், செவல்நத்தம் பேரூராட்சி.
பெறுநர்: தலைமை எழுத்தர், பேரூராட்சி அலுவலகம், செவல்நத்தம்.
பொருள்: எங்கள் ஊர் உங்கள் ஊரோடு எப்படிச் சேர்ந்தது என்று கேட்பது.

அம்மையீர்,

செவல்நத்தம் பேரூராட்சியை நகராட்சியோடு இணைக்கப்போவதாக அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஆட்சேபணை இருந்தால் மார்ச் 12-க்குள் எழுத்தில் தர வேண்டுமாம். எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. ஓடையேந்தலில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் இருக்கிறது.

செவல்நத்தத்துக்கும் எங்களுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் கருவேலங்காடு. ஆனால் ஓடையைத் தாண்டினால் புல்லாக்குடி ஊராட்சி. அங்கே பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். நாங்கள் பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அந்த வேலை இல்லை. கரையில் நின்று அவர்கள் கண்மாய் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நகராட்சி ஆகிவிட்டால் வரி மட்டும் டவுன் கணக்கில் ஏறும். வேலை என்ற பேச்சே இனி இருக்காது.

என் கேள்வி ஒன்றுதான். ஓடைக்கரையில் கிடக்கிற எங்களை எந்த வருடம், யார், என்ன காரணத்துக்காக உங்களோடு சேர்த்தார்கள்? ஊரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பழைய உத்தரவின் நகல் வேண்டும்.

பதிலை சோலை அண்ணனிடம் கொடுத்தனுப்பவும். எட்டு நாளைக்கு ஒருமுறை எங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட வருகிறவர் அவர்தானே. போன் வேண்டாம். நாம் பேசி ஆறு வருடம் ஆகிறது, இதற்காக அதை மாற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சு. மாரீஸ்வரி

பி.கு. உங்கள் அண்ணன் சுகமாக இருக்கிறார். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே எழுதிவிட்டேன்.


செவல்நத்தம்
29.01.2025

பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர் அவர்களுக்கு,

பார்வையில் கண்ட தங்கள் மனு பெறப்பட்டது. ஓடையேந்தல் இப்பேரூராட்சியில் சேர்க்கப்பட்டது தொடர்பான உத்தரவு எதுவும் தற்போதைய கோப்புகளில் இல்லை. 1978-க்கு முந்தைய பதிவேடுகள் எங்கே உள்ளன என்பது தெரியவில்லை. கிடைத்தால் தெரிவிக்கப்படும்.

இ. நாகஜோதி
தலைமை எழுத்தர்

பி.கு. மனுவில் குடும்ப விவரங்கள் எழுதுவதைத் தவிர்க்கவும். இது உள்வரும் தபால் பதிவேட்டில் பதியப்படுகிறது. செயல் அலுவலரும் படிக்கிறார்.


ஓடையேந்தல்
29.01.2025

தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சோலை அண்ணன் வால்வை மூடுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

"தெரியவில்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்கு ஒரு ஆபீசா? திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நாகஜோதி தெரியவில்லை என்று சொன்னதே கிடையாது. வாத்தியார் தப்பாகச் சொன்னால் எழுந்து நின்று திருத்துகிற பெண். அவளுக்காகத்தான் அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். இப்போது அவள் பிறந்த ஊரைப் பற்றியே கோப்பு இல்லை என்கிறாள்.

ஆபீஸ் மாடியில் ஓட்டை ரேடியோ கிடக்கிற அறை ஒன்று உண்டு. மூன்று வருடமாகக் கூட்டத்துக்கு வந்து போகிற எனக்கே தெரியும். அதைத் திறந்து பார்த்தீர்களா?

செயல் அலுவலர் படிக்கட்டும். அவருக்கும் பொழுது போக வேண்டும்.

மாரீஸ்வரி


செவல்நத்தம்
06.02.2025

உறுப்பினர் அவர்களுக்கு,

மாடி அறையைத் திறந்தேன். சாவி இல்லாததால் பூட்டை உடைக்கச் செயல் அலுவலரிடம் தனியாக ஒரு குறிப்பு வைத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம்.

ரேடியோவுக்கு அடியில், சிவப்புத் துணியில் கட்டிய நிலையில், முதல் தீர்மானப் புத்தகம் இருந்தது. 1962-ல் தொடங்குகிறது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாவது தீர்மானம், பஞ்சாயத்து ரேடியோவைத் திருகும் உரிமை தலைவருக்கு மட்டுமே என்கிறது. பதினோராவது, அந்த ஒன்பதாவது தீர்மானத்தைக் கண்டித்து மூன்று உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்ததைச் சொல்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

பதினான்காவது தீர்மானத்தை அப்படியே எழுதுகிறேன்.

"ஓடையேந்தல் கிராமத்தார் தம் ஊரணி வறண்ட இரண்டு கோடையிலும் நம் பெரிய ஊரணியில் ஆடு மாடுகளோடு தண்ணீர் எடுத்துக்கொள்ள நாம் சம்மதித்தமைக்குப் பிரதியாக, நம் ஊர் டவுன் பஞ்சாயத்து அந்தஸ்து பெற ஐயாயிரம் ஜனத்தொகைக்குக் குறைவுபட்டதை ஈடுசெய்ய, தம் அறுபத்தொரு வீட்டாரையும் நம் கணக்கில் இரவலாகத் தந்ததை இச்சபை நன்றியோடு ஏற்கிறது. வருடந்தோறும் மாசி சிவராத்திரிக் களரிக்கு மறுநாள் அவர்கள் எல்லைக்கல்லில் தாம்பூலம் வைத்து, மேற்கொண்டு வைத்துக்கொள்ள அனுமதி கேட்க வேண்டியது. தாம்பூலம் தவறும்"

அதற்கு மேல் கரையான். பக்கத்தின் அடிப்பகுதி முழுவதும் போய்விட்டது.

மூன்று முறை படித்தேன். மண்வெட்டி இரவல் வாங்குவார்கள், கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவார்கள். ஒரு ஊரை இரவல் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த அலுவலகத்தில் இருக்கிறேன், அந்த அறைக்குக் கீழேதான் என் நாற்காலி.

மீதி வரி என்னவாக இருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

நாகஜோதி


ஓடையேந்தல்
06.02.2025

ஜோதி,

பேரை எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை ஊர்க் குழாயடியில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். குடம் நிரம்பி வழிவது கூடத் தெரியாமல் நின்றார்கள். குருவம்மாள் பெரியம்மா மட்டும், "நம்மள எரவலா குடுத்தாகளா? அப்ப திருப்பிக் கேக்க வேண்டியதுதான, இதுக்கு எதுக்கு வாயப் பொளக்குறீக?" என்றாள்.

தட்டு! இத்தனை வருடம் அதைச் சாமி காரியம் என்றல்லவா நினைத்தோம். மாசிக்களரிக்கு மறுநாள் காலையில், பேரூராட்சி ஆள் வெற்றிலைத் தட்டோடு வந்து எல்லைக்கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். உன் அப்பா காலத்துக்குப் பிறகு உன் அண்ணன்தான் உள்ளே நின்று கேட்பார். "எங்க ஆளுகள நல்லா வச்சிருக்கீகளா?" தட்டோடு வந்தவர் "வச்சிருக்கோம்" என்பார். "இன்னும் வேணுமா?" "இன்னும் ஒரு வருசம் வேணும்." உடனே உன் அண்ணன் பாதி வெற்றிலையை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுப்பார். இருளப்பசாமியின் ஆட்களைப் பற்றி, அதாவது சாமி பரிவாரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நான் வந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்!

ஆள் எண்ணிக்கை இரவல் என்று வெளியே தெரிந்தால் டவுன் பஞ்சாயத்து அந்தஸ்து போய்விடும். அதனால்தான் சாமி காரியம் போல மூடிவைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பொன்னுச்சாமி மாமா ரிட்டையர்டு ஆகும் வரை தட்டு ஒழுங்காக வந்தது. 2019-ல் அது உன் பொறுப்புக்கு வந்தது. அந்த வருடம் ஊரே கல்லடியில் பதினொரு மணி வரை வெயிலில் காத்துக் கிடந்தது. நீ வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பவில்லை. நாற்காலி கிடைத்ததும் பிறந்த ஊர் இளப்பமாகிவிட்டது என்று நான் உன் வீட்டு வாசலில் வந்து கத்தினேன். நீ கதவைச் சாத்தினாய். அதற்குப் பிறகு தட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை என்பதையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்.

மீதி வரியைக் கண்டுபிடி.

மாரீஸ்வரி


செவல்நத்தம்
14.02.2025

மதினி,

மீதி வரி கிடைத்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற அப்துல் பாரி அண்ணனைத் தெரியும்தானே. 1962-ல் முதல் துணைத்தலைவர் அவருடைய வாப்பாதான். தீர்மானத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தைப் பார்த்ததும் கடைக்குப் போனேன். "எங்க வாப்பா எத எழுதுனாலும் ரெண்டு காப்பி எழுதுவாக தங்கச்சி, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு ஆபீச நம்பாம வீட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே பரணில் ஏறினார். மூன்று பெட்டியை இறக்கினோம். மூன்றாவதில் இருந்தது.

"தாம்பூலம் தவறும் வருடத்தோடு இரவல் முடிந்து, ஓடையேந்தல் தன் பழைய கிராமமாகிய புல்லாக்குடியோடு மீண்டும் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டியது. இதற்கு இருதரப்பாரும் தடை சொல்லக் கூடாது."

அவ்வளவுதான் வரி. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

இதற்கு மேல் இன்று எனக்கு எழுத முடியவில்லை.

நாகஜோதி


ஓடையேந்தல்
14.02.2025

அடியே ஜோதி,

நீ வராத வருடமே நாங்கள் திரும்பிவிட்டோம்! ஆறு வருடமாக நாங்கள் உங்கள் ஊரே இல்லை. நான் ஜெயித்த வார்டே இல்லை. இல்லாத வார்டுக்கு மூன்று வருடமாக மெம்பராக இருந்து தெருவிளக்குக்குச் சண்டை போட்டிருக்கிறேன். உன் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

எதற்காக உன்னை ஆறு வருடம் திட்டினேனோ அதுவே எங்களைக் காப்பாற்றப்போகிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த ஒரு தீர்மானத்தால் அரசாங்கம் கேட்டுவிடுமா என்று புல்லாக்குடி ஊராட்சிச் செயலாளரிடம் விசாரித்தேன். தீர்மானம் சட்டம் ஆகாது, ஆனால் ஆட்சேபணையோடு முத்திரை வைத்த நகலும், தாம்பூலம் நின்றுபோனதற்கு அலுவலகச் சான்றும் இருந்தால் விசாரணையில் தள்ளிவிட முடியாது என்றார். இரண்டையும் நீதான் தர வேண்டும். இன்னும் நாள் இருக்கிறது. மார்ச் 12 மறந்துவிடாதே.

மாரீஸ்வரி


செவல்நத்தம்
22.02.2025

மதினி,

அவசரம். அப்துல் பாரி அண்ணன் சந்தோஷத்தில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். தலைவர் காதுக்கு எட்டிவிட்டது. உங்கள் வார்டு போனால் இணைப்பில் நிலப்பரப்பு குறையும், அது அவருக்குப் பிடிக்கவில்லை. வருகிற 26-ஆம் தேதி களரிக்கு மறுநாள் காலையில் அவரே தட்டோடு வரப்போகிறார். பாதி வெற்றிலையை அண்ணன் வாங்கிவிட்டால் இன்னொரு வருட இரவல் என்று ஆகிவிடும். போட்டோ எடுக்க ஆளும் ஏற்பாடாகியிருக்கிறது.

என்னைத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொன்னார். காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

தட்டை வாங்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஆனால் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசிவிட வேண்டாம், அதையும் சொல்லுங்கள்.

நான் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது இல்லை.

நாகஜோதி


ஓடையேந்தல்
02.03.2025

ஜோதி,

தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, இரண்டு கார், தட்டில் வெற்றிலையோடு ஆப்பிளும் இருந்தது. எல்லைக்கல் எதுவென்று தெரியாமல் கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டார். பிள்ளைகள் சிரித்து, பின்னாலே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னோம். முள் குத்துகிறது என்று ஒரு காலில் நின்றார்.

உன் அண்ணன் வழக்கம்போல, "எங்க ஆளுகள நல்லா வச்சிருக்கீகளா?" என்று கேட்டார்.

தலைவருக்குப் பதில் தெரியவில்லை. டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் போட்டோக்காரரைப் பார்த்தார். கடைசியில், "எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிரலாம்ணே" என்றார் தலைவர். உன் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிக்காமல் இருக்க மீசையைக் கடித்துக்கொண்டு, "நல்லதுய்யா. போதும். இதுவரைக்கும் வச்சிருந்ததுக்கு எங்க ஊரு சார்பா நன்றி" என்று கும்பிட்டு, தட்டில் ஒரு வெற்றிலையைக் கூடத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். வந்தவர்களுக்கு வேம்படியில் சேர் போட்டுக் காப்பி கொடுத்தோம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் போகும்போது தலைவர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "இந்த வருசம் நீங்க வாங்காட்டி என்ன? இந்தக் களரி அறிவிப்புக்குப் பெறகுதான வந்துச்சு, இது செல்லாது. அதுக்கு முன்னால வருசா வருசம் தட்டு வந்துருக்குன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு. நானே பாத்தேன்."

எப்படி இருக்கும் ஜோதி? ஆறு வருடமாக ஒரு வெற்றிலைக் காம்பு கூட இந்தப் பக்கம் வரவில்லை. பதிவேட்டில் பொய்யாக எழுதியது யார்? அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நாள்தான் இருக்கிறது.

மாரீஸ்வரி


செவல்நத்தம்
10.03.2025

மதினி,

அந்த ஆள் நான்தான்.

எட்டு நாளாக இந்த ஒரு வரியை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். விழாப் பதிவேட்டில் "ஓடையேந்தலுக்குத் தாம்பூலம் அனுப்பப்பட்டது" என்று 2019 முதல் 2024 வரை ஆறு வருடமும் என் கையெழுத்தில் இருக்கிறது. முதல் வருடம் போகவில்லை, போனதாக எழுதிவிட்டேன். இரண்டாவது வருடம் அனுப்பவில்லை என்று எழுதினால் முதல் வருடத்தைப் பற்றிக் கேள்வி வருமோ என்று அதையும் அப்படியே எழுதினேன். அப்புறம் அது பழகிவிட்டது. ஒரு ரசீதில் தேதி விட்டுப்போனால் கூடத் திருப்பி அனுப்புகிறவள் நான். என்னிடம் வேலை பழகியவர்கள் எல்லோரும் என்னைத் திட்டுவது அதற்காகத்தான். இதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. கத்தினீர்கள், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா இருந்தவரை அந்த ஊரில் எனக்கு ஒரு வீடு இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு வெளியே நான் செருப்பில்லாமல் நிற்க வேண்டும். உள்ளே நிற்பது என் அண்ணன். "எங்க ஆளுகள" என்று அவர் கேட்பார், அந்த ஆட்களில் நான் இல்லை. வெளி ஆளாக நின்று பதில் சொல்ல வேண்டும். முந்தின நாளே வெற்றிலை வாங்கிவிட்டேன். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை தட்டோடு வந்தேன். பஸ்ஸில் ஏற முடியவில்லை மதினி. இளப்பம் இல்லை. அழுகை வந்தது, ஆபீஸ் ஆள் கல்லடியில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று திரும்பிவிட்டேன்.

தீர்மானத்தின் இரண்டு நகல்களுக்கும் முத்திரை வைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். சான்றும் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இதுதான்: "2019 முதல் 2024 வரை தாம்பூலம் அனுப்பப்படவில்லை. அனுப்பப்பட்டதாக விழாப் பதிவேட்டில் உள்ள ஆறு பதிவுகளும் உண்மைக்கு மாறானவை. அவற்றை எழுதியவர் கீழே கையொப்பமிட்டுள்ள நான்."

இந்தக் காகிதம் இல்லாமல் உங்கள் ஆட்சேபணை நிற்காது. பதிவேட்டைக் காட்டி ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள்.

நாகஜோதி


ஓடையேந்தல்
10.03.2025

ஜோதி,

சோலை அண்ணனை வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டு வண்டியில் திருப்பி அனுப்புகிறேன். தெருவில் தண்ணீர் ஓடினால் ஓடட்டும்.

செயல் அலுவலர் பதவி உயர்வுப் பட்டியலில் இந்த வருடம் உன் பேர் இருக்கிறது என்று சோலை அண்ணன் சொன்னார். இந்தக் காகிதம் போனால் அது போய்விடும்தானே? பொய் சொல்லாதே. வேண்டாம் என்று ஒரு வரி எழுது, இதை அடுப்பில் போட்டுவிடுகிறேன். ஊருக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

மாரி


10.03.2025, மதியம்

மதினி,

இணைக்கவும்.

நா.


ஓடையேந்தல்
22.06.2025

ஜோதி,

உத்தரவு வந்துவிட்டது. "செவல்நத்தம் பேரூராட்சி, பன்னிரண்டாவது வார்டு ஓடையேந்தல் நீங்கலாக" என்று அச்சில் போட்டிருக்கிறார்கள். எங்களைப் புல்லாக்குடியோடு சேர்த்திருக்கிறார்கள். குருவம்மாள் பெரியம்மாவிடம் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

நான் இப்போது மெம்பர் இல்லை. வார்டே இல்லையே, மெம்பர் எங்கிருந்து வருவாள்? கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுதியிருப்பேன். ஆனால் சோலை அண்ணன் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். ஏப்ரலிலேயே உனக்கு மெமோ கொடுத்துவிட்டார்களாமே. பதவி உயர்வுப் பட்டியலில் பேரை எடுத்துவிட்டார்களாம். மூன்று வருட இன்கிரிமெண்டையும் நிறுத்திவிட்டார்களாம். எட்டு நாளைக்கு ஒருமுறை அவர் இங்கே வந்துகொண்டுதானே இருந்தார்? நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். உன்னை என்ன செய்வது?

உன் அண்ணன் சாப்பிடாமல் கண்மாய்ப் பக்கம் போனார். ஆறு வருடம் நான் உன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர் அவர். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஜோதி. வாசலில் நின்று கத்தியதற்குப் பதிலாக உள்ளே வந்து ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம்.

மாரி


செவல்நத்தம்
30.06.2025

மதினி,

அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மெமோ நியாயமானதுதான். இன்னொருவர் அப்படி எழுதியிருந்தால் நானே மெமோ தயாரித்திருப்பேன், இதைவிடக் கடுமையாக. என் விளக்கத்தை நானே டைப் அடித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை என்று கண்காணிப்பாளர் சொன்னார். சிரிக்காதீர்கள்.

நாளை மறுநாளிலிருந்து நகராட்சி அலுவலகம். வரிப் பிரிவில் ஜன்னல் ஓரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். தீர்மானப் புத்தகங்களை எல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டேன். அறுபத்து மூன்று வருடத்துக்குப் பதினெட்டு புத்தகம். வாங்கிக்கொண்ட ஆள் ஒன்றைக் கூடத் திறந்து பார்க்கவில்லை. ரேடியோவைப் பற்றிச் சொன்னேன், அவர் சிரிக்கவும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. உத்தரவில் உங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் பட்டியலை இணைத்திருந்தார்கள், ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கல்யாணமாகிப் போன பெண்கள் யார் பெயரும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் தேடினேன். ஊர் திரும்பிவிட்டது, நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நான் பிறந்த ஊரின் எந்தக் காகிதத்திலும் இனி என் பெயர் இருக்காது. அழுது எழுதவில்லை, சும்மா சொல்கிறேன்.

புல்லாக்குடியில் உங்களுக்கு வேலை எப்போது தொடங்குகிறது?

நாகஜோதி


ஓடையேந்தல்
08.07.2025

ஜோதி,

அடுத்த திங்கள்கிழமை தொடங்குகிறது. எங்கள் ஊர்க் கண்மாயைத்தான் முதலில் தூர் வாரப்போகிறார்கள். நானும் மண்வெட்டி வாங்கிவிட்டேன். பிடி கொஞ்சம் கனம், மாற்ற வேண்டும்.

வேலைக்கு அட்டை எழுத, வீடு வீடாக ஆள் பட்டியல் வேண்டும் என்று புல்லாக்குடிச் செயலாளர் கேட்டார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஏழாம் நம்பர், நம் வீட்டுக்கு வந்தேன். சுந்தரபாண்டி என்று எழுதினேன். மாரீஸ்வரி என்று எழுதினேன். அதற்குக் கீழே, நாகஜோதி, வயது 48, இருளப்பன் மகள் என்று எழுதினேன்.

செயலாளர் படித்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார். "என்னங்க இது, அவுக சர்க்கார் உத்தியோகம், கட்டிக் குடுத்து வேற ஊருல இருக்காக, இதுல எப்படி வரும்?" என்று பேனாவை எடுத்தார். நான் பட்டியலை இழுத்துக்கொண்டேன். "ஒருத்தவுக பேர அடிக்கணும்னா அவுகளே நேர்ல வந்து, பாத்து, பக்கத்துல கையெழுத்துப் போட்டு அடிக்கணும். அதுதான சட்டம்?" என்றேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் மெம்பராக இருந்தவள் சொல்கிறாளே, இருக்கும் என்று நினைத்து அவர் போய்விட்டார்.

விதிப்படி தவறு என்று உனக்கு இப்போதே கை அரிக்கும். எனக்குத் தெரியும். பட்டியல் உன் அம்மா படுத்திருந்த அறையில், அலமாரி மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டில்தான் இருப்பார். நீயே வந்து, உன் கையால் அடித்துவிட்டுப் போ.

தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன்.

மாரி